பழைய வீடும் புதுக்கட்டும் சந்திக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவதைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை காலி மனையில் புதிதாக எழும் வீடுகளைப் பற்றியவை. எஞ்சியவை அரண்மனை, கோட்டை போன்ற புராதனக் கட்டடங்களைப் புதுப்பிப்பதைப் பற்றியவை. இவ்விரண்டுக்கும் நடுவே, சாதாரணக் குடும்பங்கள் அன்றாடம் செய்துவரும் ஒரு வேலை யாராலும் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. உறுதியாக நிற்கும் ஒரு பழைய வீட்டோடு இரண்டு அறைகளையோ, படியேற முடியாத பெரியவர்களுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையையும் குளியலறையையுமோ சேர்த்துக் கட்டுவதுதான் அந்த வேலை. அது பெரும்பாலும் வீட்டுக்காரரும் மேஸ்திரியும் நின்றபடியே பேசி முடிவெடுக்கும் வேலையாக இருப்பதால், பல தலைமுறைகளாக ஒரே முகத்தோடு இருந்த வீடு சில மாதங்களில் தன் முகத்தை இழந்துவிடுகிறது. இடித்துவிட்ட வீட்டுக்காக வருந்த ஆள் உண்டு. இப்படி உருக்குலைந்த வீட்டுக்காக வருந்துவோர் குறைவு. ஆகவே இதைப் பற்றி விரிவாக எழுத அனுமதி வேண்டுகிறேன்.

புதுக்கட்டு பழைய வீட்டோடு பொருந்த வேண்டும் என்ற விருப்பம் எல்லோருக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பொருத்தம் என்பது அலங்காரத்தில் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். பழைய வீட்டின் முகப்பில் வளைவு இருந்தால் புதுச் சுவரிலும் சிமென்ட்டால் ஒரு வளைவை வரைந்துவிடுகிறோம். மரத் தாங்குகட்டைகள் இருந்தால் அதே வடிவில் அச்சுவார்ப்பு வாங்கி ஒட்டிவிடுகிறோம். பழைய வீட்டில் அந்த உறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வளைவு தனக்கு மேலிருந்த சுவரின் பாரத்தை இரு பக்கமும் பிரித்து இறக்கியது. தாங்குகட்டை கூரையின் நீட்சியை ஏந்தியது. சுவரின் உச்சியில் ஓடிய புடைப்பு வரிசை மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளி விழச் செய்தது. புதுச் சுவரில் பாரம், திறப்பின் மேல் கிடக்கும் லிண்டல் என்ற கான்கிரீட் விட்டத்தில் இருக்கிறது, வளைவு வெறுமனே பூச்சில் இருக்கிறது. கட்டடக் கலை படிக்காதவர் கண்ணுக்கும் இந்த வேறுபாடு தெரியும். காரணத்தைச் சொல்ல வராவிட்டாலும், ஏதோ ஒட்டவில்லை என்று அவருக்குப் பட்டுவிடும்.

கண் முதலில் அளப்பது திறப்புகளின் விகிதத்தை. பழைய வீடுகளின் சன்னல்கள் பெரும்பாலும் அகலம் குறைந்து உயரம் மிகுந்து இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று. மரச்சட்டத்தாலோ கல்லாலோ செங்கல் வளைவாலோ திறப்பின் மேல் பாலமிட வேண்டியிருந்த காலத்தில், அகலத்தைக் கூட்டுவது கடினம், உயரத்தைக் கூட்டுவது எளிது. உயரமான சன்னல் அறையின் ஆழம் வரை வெளிச்சத்தையும் கொண்டுசேர்த்தது. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் வந்த பிறகு பத்தடி அகலத் திறப்பும் எளிதாயிற்று, சன்னல்கள் படுத்த வடிவத்துக்கு மாறின. எனவே நின்ற சன்னல்கள் வரிசையாக இருக்கும் ஒரு வீட்டின் பக்கத்தில் படுத்த சன்னல் ஒன்று வந்துவிட்டால், வண்ணமும் பூச்சும் எவ்வளவு ஒத்திருந்தாலும் இரண்டும் வெவ்வேறு காலத்தவை என்று சுவரே சொல்லிவிடுகிறது. அகலமான திறப்பு தேவைதான் என்றால், பழைய சன்னலின் அகலத்தை அளந்து, அந்த அளவுக்கு ஒன்றாகச் செங்குத்துச் சட்டங்களால் அதைப் பிரித்தால் போதும். திறப்பு பெரியதாகவே இருக்கும், தாளம் பழையதாக இருக்கும். அதேபோல் சுவரின் தடிப்பையும் மறக்கக் கூடாது. ஒன்றரை அடிச் சுவரில் பதிந்த சன்னலைச் சுற்றி ஆழமான நிழல் விழும். ஒன்பது அங்குலச் சுவரின் வெளிவிளிம்போடு நிலை வைத்தால் அந்த நிழல் இல்லாமல் சுவர் தட்டையாகிவிடும். நிலையைச் சில அங்குலங்கள் உள்ளே தள்ளி வைப்பதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. செய்பவர்கள்தாம் இல்லை.

அடுத்தது கிடைமட்டக் கோடுகள். தரையிலிருந்து எழும் பீடத்தின் மேல்விளிம்பு, சன்னல்களின் அடிமட்டம், லிண்டல் மட்டம், இறவாரம் ஆகிய நான்கும் ஒரு வீட்டைச் சுற்றி ஓடி அதைக் கட்டிவைத்திருக்கும் கோடுகள். பழைய அறையின் உட்கூரை பதின்மூன்று அடியிலும் புது அறையின் உட்கூரை பத்தடியிலும் இருப்பது இன்றைய வழக்கம். உயரத்தைக் குறைப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை, ஆனால் குறைந்த உயரத்துக்குள்ளும் பீடமும் லிண்டலும் பழைய மட்டத்திலேயே தொடரலாம். கூரை தாழ்ந்து, லிண்டல் கோடு மட்டும் முறியாமல் ஓடினால் அந்த வீடு ஒரே வீடாகத் தெரியும். இதற்கு வேண்டியது மேஸ்திரியின் கையிலிருக்கும் ரசமட்டக் குழாயும், வேலை தொடங்குமுன் பழைய வீட்டை முழுமையாக அளந்து வரைந்த ஒரு வரைபடமும்தான். புது அறையை மட்டும் காகிதத்தில் வரைந்து, பழைய வீட்டை அதன் ஓரத்தில் வெற்றுக் கட்டமாகக் காட்டும் வரைபடத்திலிருந்து பொருத்தமான கட்டடம் எழுவது அரிது.

புதுக்கட்டு பழையதைவிடப் பெரியதாகிவிடும்போது சிக்கல் வேறு வகையானது. எவ்வளவு நயமாகக் கட்டினாலும், சிறிய வீட்டின் தோளில் பெரிய கட்டடம் ஏறி நிற்பதை மறைக்க முடியாது. இதற்கு அனுபவமுள்ளவர்கள் கையாளும் வழிகள் எளியவை. புதுக்கட்டின் முகப்பைப் பழைய முகப்பின் கோட்டிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளுவார்கள். கூரை முகட்டைப் பழைய முகட்டைவிடத் தாழ்த்துவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒடுக்கமான, தாழ்ந்த ஒரு நடைவழியை வைத்து, பழைய வீட்டின் மூலை மறையாமல் காப்பார்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1889-இல் ஓக் பார்க் என்ற ஊரில் தமக்கெனக் கட்டிய வீட்டை 1895-இல் விரிவாக்கினார். 1898-இல் அதனோடு தம் பணிமனையையும் சேர்த்தார். வீட்டுக்கும் பணிமனைக்கும் இடையே அவர் அமைத்த நடைவழி, அங்கே ஏற்கெனவே நின்ற ஒரு மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே செல்லும்படி கட்டப்பட்டது. தாம் கட்டிய வீட்டுக்கே அவர் தனிக் கட்டடமாகத் தோன்றும் பணிமனையையும் நடுவில் ஓர் இணைப்பையும் தேர்ந்தெடுத்தார் என்பதை, எல்லாவற்றையும் ஒரே சதுரத்துக்குள் அடைக்க நினைப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாடி எழுப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பாரம் தாங்கும் சுவர்களின் மேல் கான்கிரீட் தளமிட்டு இன்னொரு வீட்டை ஏற்றுவதை, அஸ்திவாரத்தையும் சுவரையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் திறந்து பார்த்துச் சொல்லாதவரை எவரும் செய்யக் கூடாது. அவர் சம்மதித்தாலும், மாடியை முகப்பிலிருந்து உள்வாங்கி, எடை குறைந்த கூரையோடு அமைப்பதே வீட்டின் உருவத்துக்கு நல்லது.

இப்போது இக்கடிதத்தின் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். பழைய சுவரும் புதுச் சுவரும் தொடும் அந்த ஒரு செங்குத்துக் கோட்டில்தான் இந்த வேலையின் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. முகப்பை எப்படி அமைப்பது என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட இந்தக் கோட்டைக் கொத்தனாரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். பழைய வீடு தன் மண்ணில் எவ்வளவு அமர வேண்டுமோ அவ்வளவும் பெரும்பாலும் அமர்ந்து முடிந்துவிட்டது. புதுக்கட்டு இனிமேல்தான் அமரப்போகிறது. மணற்பாங்கான மண்ணில் கட்டும்போதே பெரும்பகுதி முடிந்துவிடும், களிமண்ணில் ஆண்டுக்கணக்கில் நீளும். அமர்ந்துவிட்டதையும் அமரப்போவதையும் இறுகக் கோத்துவிட்டால், மில்லிமீட்டர் கணக்கிலான இறக்கமும் விரிசலாக வெளிப்படும். பழைய சுவரில் வரிசைக்கு வரிசை செங்கல்லைப் பெயர்த்து, அந்தக் குழிகளில் புதுச் செங்கல்லைக் கோத்துப் பல் விட்டுக் கட்டுவது பார்ப்பதற்கு மிக உறுதியானதாகத் தோன்றும். ஆனால் அஸ்திவாரங்கள் வேறானால் அந்தப் பற்களே விரிசலுக்கு வழிகாட்டும். அதைவிட, இரண்டு சுவர்களையும் தனித்தனியே நிறுத்தி, நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அதை அடைத்து, புதுச் சுவரை ஓரிரு அங்குலம் உள்வாங்கிக் கட்டினால், அங்கே விழும் மெல்லிய நிழல் அந்த இணைப்பை ஒரு நேர்த்தியான கோடாக மாற்றிவிடும். அசைவு வந்தாலும் அந்தக் கோட்டுக்குள்ளேயே அடங்கும்.

இத்தாலியில் வெரோனா நகரத்தின் பழைய கோட்டையான காஸ்டெல்வெக்கியோவை 1950-களின் பிற்பகுதியிலிருந்து அருங்காட்சியகமாகச் சீரமைத்த கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா, தாம் இட்ட புதுத் தரையைப் பழைய சுவரில் முட்டவிடாமல், சுவரோரம் ஒரு பள்ளக் கோடு விட்டு நிறுத்தினார். பழையது இங்கே முடிகிறது, என் வேலை இங்கே தொடங்குகிறது என்று அந்தக் கோடு அமைதியாகச் சொல்கிறது. கோட்டைக்குப் பொருந்தியது இரண்டு அறை வீட்டுக்கும் பொருந்தும். இடைவெளி விடுவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை.

நிலத்துக்கடியிலும் இதே கவனம் வேண்டும். பழைய வீடுகளின் அஸ்திவாரம் நாம் நினைப்பதைவிட ஆழம் குறைந்ததாக இருப்பது வழக்கம். அதன் பக்கத்திலேயே அதைவிட ஆழமான நீண்ட பள்ளத்தை ஒரே நாளில் தோண்டினால், பழைய அஸ்திவாரத்தின் அடிமண் பக்கவாட்டில் சரிந்து வெளியேறும். முதலில் ஒரு சோதனைக் குழி தோண்டிப் பழைய அஸ்திவாரத்தின் ஆழத்தைப் பார்ப்பதும், புதுப் பள்ளத்தை இயன்றவரை விலக்கி வைப்பதும், நெருங்கித்தான் தோண்ட வேண்டுமென்றால் சிறு சிறு துண்டுகளாகத் தோண்டி உடனுக்குடன் நிரப்புவதும் நெடுநாளாக அறியப்பட்ட முறைகள். மேலே கூரையில், இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம்தான் வருங்காலக் கசிவின் பிறப்பிடம். புதுக்கூரையின் நீர் பழைய சுவரை நோக்கி ஓடாதபடி சரிவின் திசையை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். சுவரைத் தொடும் இடத்தில் உலோகத் தகட்டைக் குறைந்தது ஆறு அங்குல உயரம் ஏற்றி, அதன் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருக வேண்டும். சிமென்ட்டை வாரிப் பூசி அடைத்த மூலை இரண்டு மழைக்காலம் தாங்காது.

சிமென்ட் என்றதும் சாந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1824-இல். அது உலகெங்கும் சாதாரண வீடுகளைச் சென்றடைய இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன்பும், பல இடங்களில் அதற்குப் பின்பும், வீடுகள் சுண்ணாம்பிலும் மண்ணிலும் கட்டப்பட்டன. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. இறுகிய பிறகும் சிறிது நெகிழ்வோடு இருக்கிறது. சுவருக்குள் ஏறும் ஈரத்தை ஆவியாக வெளியேற விடுகிறது. புதுக்கட்டோடு ஒத்துப்போக வேண்டுமென்று பழைய சுவரின் காரையையும் கொத்திவிட்டு முழுவதும் சிமென்ட் பூசும்போது, அந்த ஈரம் உள்ளே அடைபடுகிறது. அது உப்பைக் கரைத்துக்கொண்டு வேறு வழி தேடும். பூச்சுக்குப் பின்னால் உப்புப் பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். வீட்டுக்காரர் வண்ணப் பூச்சின் தரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். பழைய சுவர் பழைய சாந்திலேயே இருக்கட்டும், புதுச் சுவருக்கு வேண்டுமானால் சிமென்ட் பூசி, கடைசிப் பூச்சை மட்டும் அதே வழவழப்பிலும் நிறத்திலும் கொண்டுவரலாம். பூச்சில்லாத செங்கல் வீடானால், பழைய கல்லின் அளவு இன்றைய கல்லின் அளவோடு ஒத்துப்போகாது என்பதை எதிர்பார்த்து, சாந்து இடைவெளியின் தடிப்பைக் கூட்டியோ குறைத்தோ வரிசைகளைச் சமன் செய்ய வேண்டும். வேலை தொடங்குமுன் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மாதிரிச் சுவர் கட்டி, அது நன்றாக உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பழைய சுவரருகே வைத்துப் பார்த்து முடிவெடுத்தால், பின்னால் வருத்தப்பட நேராது. ஈரச் சாந்தின் நிறம் யாரையும் ஏமாற்றும்.

வெளித்தோற்றத்தில் முழுக் கவனத்தையும் செலுத்துபவர்கள் மறந்துவிடுவது, பழைய வீட்டின் உள்ளே நேரும் இழப்பை. பின்சுவரை ஒட்டிப் புது அறைகள் வந்ததும், அந்தச் சுவரின் சன்னல்கள் அடைபட்டு, நடு அறைகள் பகலிலும் விளக்கு எரியும் இடங்களாகிவிடுகின்றன. கொழும்பில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1950-களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகளில், ஒரு சந்திலிருந்த நான்கு சிறிய வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தம் இல்லமாக ஆக்கிக்கொண்டார். எல்லாவற்றையும் கூரையிட்டு மூடிவிடாமல், வானம் பார்த்த சிறு முற்றங்களையும் ஒளிக்கிணறுகளையும் நடுநடுவே விட்டதால், அடுக்கடுக்காகச் சேர்ந்த அந்த வீட்டின் உட்பகுதிக்கும் வெளிச்சம் வருகிறது. புதுக்கட்டுக்கும் பழைய பின்சுவருக்கும் இடையே ஆறடி அகலத்தில் ஒரு திறந்த இடத்தை விட்டாலே பழைய சன்னல்கள் உயிரோடு இருக்கும். அந்த ஆறடியை அறைக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆசைதான் பெரும்பாலான வீடுகளை இருட்டாக்குகிறது.

புதுக்கட்டு பழையதைப் போலவே இருக்க வேண்டுமா, வேறுபட்டுத் தெரிய வேண்டுமா என்ற கேள்வி கட்டடக் கலைஞர்களிடையே ஓய்ந்தபாடில்லை. நினைவுச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், தவிர்க்க முடியாமல் சேர்க்கப்படும் வேலை மூலக் கட்டடத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் புனரமைப்பு நெறிகள் வேறுபாட்டைக் கேட்பதோடு, பருமனிலும் அளவிலும் பழையதோடு இசைவையும் கேட்கின்றன. வருங்காலத்தில் புதுப்பகுதியை அகற்றினாலும் மூலக் கட்டடத்தின் வடிவம் சிதையாதிருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வேறுபாட்டை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி. 1978-இல் அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் ஒரு சாதாரணப் பழைய வீட்டை நெளிதகட்டாலும் கம்பிவலையாலும் சூழ்ந்து கட்டினார், பழைய வீடு உள்ளே அப்படியே தெரிகிறது. மறுபக்கம், புளோரன்ஸ் நகரின் சான்டா மரியா நோவெல்லா தேவாலய முகப்பின் கீழ்ப்பகுதி பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிப் பாதியில் நின்றிருந்தபோது, அதை 1470-இல் நிறைவுபெற்ற வடிவத்துக்குத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் ஆல்பர்ட்டி, முன்னவர்கள் பயன்படுத்திய அதே வெள்ளை, பச்சைப் பளிங்குகளையே தொடர்ந்து பயன்படுத்தினார். மேற்பகுதியின் விகிதமும் வடிவமும் முழுக்க அவருடைய காலத்தவை. ஆனால் பார்ப்பவருக்கு அது ஒரே முகப்பு.

என் மனம் ஆல்பர்ட்டியின் பக்கமே சாய்கிறது. சாசனங்கள் நினைவுச் சின்னங்களுக்காக எழுதப்பட்டவை. நாம் குடியிருக்கும் வீட்டில் எந்தச் சுவர் எந்த ஆண்டில் எழுந்தது என்று தெருவில் போகிறவருக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. அதே சமயம், இல்லாத பழமையைப் போலியாகச் செய்துகாட்டுவதும் பழைய வீட்டுக்கு மரியாதை ஆகாது. பொருளும் விகிதமும் கோடுகளும் பழையதிலிருந்து வரட்டும். நுணுக்க வேலைப்பாடு மட்டும் எளிமையாக, இன்றைய கைகளால் நேர்மையாகச் செய்யக்கூடியதாக இருக்கட்டும். பழைய வீட்டில் செதுக்கிய தூண் இருந்தால், புதுக்கட்டில் அதே தடிப்பில், அதே இடைவெளியில் நிற்கும் வழுவழுப்பான தூண் போதும். பின்சுவரைத் திறக்கும்போது கழற்றும் கதவு, சன்னல், மரச்சட்டம் ஆகியவற்றை விற்றுவிடாமல் புதுக்கட்டில் பொருத்தினால், எந்தப் போலியும் தர முடியாத உறவு தானாகவே உண்டாகும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வீடு பற்றிய பக்கங்களில் பழைய வீடுகளின் விரிவாக்கத்துக்கும் நிலையான இடம் ஒன்றை ஒதுக்குங்கள். அப்படி ஒதுக்கும்போது, வேலை முடிந்து வண்ணம் காய்ந்த அன்று எடுத்த முகப்புப் படத்தை மட்டும் வெளியிடாமல், பழையதும் புதியதும் சேரும் இடத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தையும், கட்டுவதற்கு முன் அந்த வீடு இருந்த நிலையைக் காட்டும் படத்தையும், சில மழைக்காலங்கள் கடந்த பிறகு அதே மூலையை எடுத்த படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். பொறியாளர்களும் கொத்தனார்களும் தச்சர்களும் தாங்கள் அந்த இணைப்பை எப்படிச் செய்தார்கள் என்று அதில் எழுதட்டும். வீட்டை விரிவாக்க நினைக்கும் ஒருவர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துத் தம் மேஸ்திரியிடம் கொடுத்து, இந்த மூலையை இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்கக்கூடிய அளவுக்கு அவை தெளிவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்